ஏஜென்சிகளின் வெற்றிச் செய்தியில் விடுபடும் விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில், நடிப்புக்கும் மாடலிங்குக்கும் ஆள் அனுப்பும் டேலன்ட் ஏஜென்சி ஒன்றைப் பற்றிய செய்தி அண்மையில் வந்திருந்தது. வெளிமாநில நிறுவனம் ஒன்றுடன் கூட்டணி சேர்ந்தது, நிறுவனர் தொலைக்காட்சியில் பேட்டி கொடுத்தது, உதகை, குன்னூர், கோத்தகிரிப் பிள்ளைகள் சிலர் விளம்பரத்துக்கும் சினிமாவுக்கும் ‘தேர்வானது’ ஆகிய மூன்றும் அதில் இருந்தன. கடைசி வரியில் அடுத்த தேர்வு முகாம் நடக்கும் ஹோட்டலும் கைபேசி எண்ணும். அந்த ஒரு ஏஜென்சியைக் குறை சொல்வது எங்கள் நோக்கமில்லை. மே மாதத்து மலர்க் காட்சி சமயத்திலும், செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனிலும் இதே அச்சில் வார்த்த செய்திகளைப் பல இதழ்களில் பார்க்கிறோம். இந்த மலையில் படப்பிடிப்பு ஒருங்கிணைப்பிலும் நடிகர் தேர்விலும் வேலை செய்பவர்கள் என்ற முறையில், அப்படிப்பட்ட செய்தியை எப்படிப் படிக்க வேண்டும், அச்சிடும் முன் என்ன கேட்க வேண்டும் என்பதை விவரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் இந்தத் தொழிலில் யார் யார், யாருக்கு யார் பணம் தருகிறார்கள் என்பது தெரிய வேண்டும். காஸ்டிங் டைரக்டர் தயாரிப்பு நிறுவனத்தின் ஆள். கதைக்கு ஏற்ற முகத்தைத் தேடித் தருவது அவர் வேலை, சம்பளம் தயாரிப்பாளருடையது. நடிக்க வருபவரிடம் அவர் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டியதில்லை. துணை நடிகர் ஏஜென்ட், கூட்டக் காட்சிக்கு ஆள் கொண்டுவருபவர். தலைக்கு இவ்வளவு என்று தயாரிப்பிலிருந்து வாங்கித் தன் பங்கு போக மீதியை நாள் சம்பளமாகவும் பேட்டாவாகவும் பிரித்துத் தருவார். உள்ளூர் கோஆர்டினேட்டர் இடம், அனுமதி, வண்டி, சாப்பாடு பார்ப்பவர். டேலன்ட் ஏஜென்சி இவர்களில் எவரும் இல்லை. அது நடிகரின் பக்கம் நின்று பேசும் நிறுவனம்: வாய்ப்புத் தேடும், சம்பளம் பேசும், ஒப்பந்தத்தைப் படிக்கும், பணத்தை வசூலிக்கும். அதற்குக் கூலி கமிஷன். வழக்கத்தில் அது 10 முதல் 20 சதவீதம். அதுவும் நடிகர் சம்பாதித்த பணத்திலிருந்து, சம்பாதித்த பிறகு.

இந்த ஒரு கணக்கில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஒரு ஏஜென்சியின் வரவு, அது அனுப்பிய நடிகர்களின் சம்பளத்திலிருந்து வருகிறது என்றால் அதன் வெற்றியும் பிள்ளைகளின் வெற்றியும் ஒன்றே. பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ என்ற புகைப்பட ஆல்பம், மூன்று நாள் பயிற்சி, மேடை நடை முகாம் ஆகியவற்றிலிருந்து வருகிறது என்றால், பிள்ளைக்கு ஒரு வேலைகூடக் கிடைக்காமலே அந்த ஏஜென்சி நன்றாக நடக்கும். கூட்டணிச் செய்தியும் டிவி பேட்டியும் அப்போது அடுத்த முகாமுக்கு ஆள் சேர்க்கத்தான் பயன்படும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் டேலன்ட் ஏஜென்ட் தொழிலாளர் ஆணையரிடம் உரிமம் எடுக்க வேண்டும், 50,000 டாலருக்குப் பிணைப் பத்திரம் கட்ட வேண்டும், முன்பணமாகப் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது. நம் நாட்டில் டேலன்ட் ஏஜென்சிக்கென்று தனி உரிமமே இல்லை. அதனால் சரிபார்க்கும் வேலை பெற்றோர் தலையிலும் செய்தியாளர் தலையிலும் விழுகிறது.

கூட்டணி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இந்தத் தொழிலில் அதற்குப் பல பொருள் உண்டு. இரண்டு ஏஜென்சிகள் ஒரு நடிகரைப் பகிர்ந்துகொண்டு கமிஷனையும் பிரித்துக்கொள்வது ஒன்று. ஒரு பிராண்டோ தயாரிப்பு நிறுவனமோ ‘எங்களுக்கு முகம் தேவைப்பட்டால் உங்களிடமும் கேட்போம்’ என்று சொல்லியிருப்பது இன்னொன்று. இதில் யாருக்கும் எந்தக் கடமையும் இல்லை. அழகு நிலையமோ போட்டோ ஸ்டுடியோவோ ஏஜென்சி அனுப்பும் ஆட்களுக்குக் கட்டணம் வாங்கி அதில் ஒரு பங்கை ஏஜென்சிக்குத் தருவதையும் கூட்டணி என்றே எழுதுகிறார்கள். மூன்றாவது வகையில் பணம் போவது பிள்ளையின் வீட்டிலிருந்து. ஆகவே செய்தியாளர் கேட்க வேண்டியது: ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, எந்தத் தேதியில், எவ்வளவு காலத்துக்கு, எந்த வேலைக்கு, கமிஷன் எப்படிப் பிரியும்? எதிர்த் தரப்பில் ஒருவரிடம் தொலைபேசியில் உறுதி செய்தாரா? கிரியேட்டிவ் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஏஜென்சி என்ற பெரிய அமெரிக்க நிறுவனம், ஐசிஎம் பார்ட்னர்ஸ் என்ற இன்னொரு ஏஜென்சியை வாங்கப் போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து 2022 ஜூனில் முடித்தது. இடையில் அந்நாட்டு நீதித் துறை அதைப் பரிசீலித்தது. இரு தரப்பின் பெயர், அறிவித்த மாதம், முடித்த மாதம் என எல்லாமே வெளியில் இருந்தன. உதகையில் நடக்கும் சிறு கூட்டணிக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டு தரப்பின் பெயரும் ஒரு தேதியுமாவது வேண்டும்.

நிறுவனம் உண்மையில் எப்போது தொடங்கியது என்பதைப் பெற்றோரே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். தனியார் லிமிடெட் நிறுவனம் என்றால் அதற்கு சிஐஎன் என்ற 21 இலக்க நிறுவன அடையாள எண் இருக்கும். முதலில் ஓர் எழுத்து, பிறகு ஐந்து எண்கள், பிறகு மாநிலத்துக்கான இரண்டு எழுத்துகள், அதற்கடுத்த நான்கு எண்கள் நிறுவனம் பதிவான ஆண்டு. ‘பதினைந்து ஆண்டு அனுபவம்’ என்று பேனரில் போட்டுவிட்டு, எண்ணில் போன வருடம் இருந்தால் விளக்கம் கேட்கலாம். தனிநபர் நடத்தும் நிறுவனத்துக்குச் சிஐஎன் இருக்காது. அது தவறில்லை, ஆனால் உரிமையாளரின் முழுப் பெயரும் முகவரியும் ரசீதில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். அடுத்த பத்து இலக்கம் அந்த நிறுவனத்தின் பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் தெரிந்துவிடும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு உட்பட்ட சேவை நிறுவனம் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் எண் இல்லாதவர் ‘பிளஸ் ஜிஎஸ்டி’ என்று பணம் வாங்க முடியாது.

ஊடகத் தோற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பேட்டி கொடுத்தவர் யார், எதற்காக என்பதைப் பாருங்கள். ஏஜென்சி அனுப்பிய பெண் தன் படத்தைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டால் அது அந்தப் பெண்ணின் வேலைக்குக் கிடைத்த மதிப்பு. நிறுவனர் தன் நிறுவனத்தைப் பற்றித் தானே பேசுவது வேறு. சில சேனல்களில் அரை மணி நேரத்தை விலைக்கு வாங்கிப் பேட்டி வடிவில் நிகழ்ச்சி செய்யலாம். கட்டணம் கட்டினால் ஒரே அறிக்கையைப் பல இணையதளங்களில் ஒரே நாளில் ஏற்றிவிடும் சேவையும் உண்டு. பத்து லோகோக்களை வரிசையாகப் போட்டு ‘எங்களைப் பற்றி எழுதியவை’ என்று காட்டினால், இரண்டு மூன்றைத் திறந்து படியுங்கள். பத்திகள் ஒரு வார்த்தை மாறாமல் இருந்தால் எழுதியது ஒரே கை. விளம்பரம் செய்தியிலிருந்து பிரித்துத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது பத்திரிகைக் கவுன்சிலின் நெறி. தேர்வு முகாமின் இடமும் எண்ணும் தாங்கி வரும் பத்திக்கு மேல் ‘விளம்பரம்’ என்ற சொல் இருந்திருந்தால், இந்தக் கடிதத்தின் பாதி தேவைப்பட்டிருக்காது. தாங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறோம்.

‘தேர்வானார்’ என்ற சொல்தான் எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது. ஒரு வேடத்துக்குப் பல படிகள் உண்டு. புகைப்படம் அனுப்புவது முதல் படி. அதில் பிடித்தவர்களிடம் செல்ஃப் டேப், அதாவது தானே நடித்து எடுத்து அனுப்பும் வீடியோ, கேட்பார்கள். பிறகு நேரில் ஆடிஷன், அதன்பின் உடை, தலைமுடி, மேக்கப் போட்டுப் பார்க்கும் லுக் டெஸ்ட். இயக்குநரும் தயாரிப்பாளரும் சம்மதித்தால் ‘லாக்’. லாக் ஆன பிறகுதான் கால்ஷீட் தேதியும் சம்பளமும் எழுத்தில் வரும். படப்பிடிப்பு முடிந்து எடிட்டிங்கில் அந்தக் காட்சி மிஞ்சினால்தான் திரையில் முகம். விளம்பரத்தில் வாடிக்கையாளர் நிறுவனம், விளம்பர ஏஜென்சி, தயாரிப்பு நிறுவனம் என மூன்று பேர் தலையாட்ட வேண்டும். லாக் ஆன முகம் படப்பிடிப்புக்கு முதல் நாள் மாறுவதும் உண்டு. முதல் படியில் புகைப்படம் பட்டியலில் ஏறியதையே தேர்வு என்று சொல்லிச் சான்றிதழ் தருகிறார்கள். சான்றிதழுக்கு இந்தத் தொழிலில் எந்தப் பயனும் கிடையாது. எந்தக் காஸ்டிங் டைரக்டரும் அதைக் கேட்பதில்லை.

மலையில் இன்னொரு வகைத் தேர்வும் நடக்கும். சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யூனிட் வந்து உதகையில் படமெடுக்கும்போது பள்ளிப் பிரார்த்தனை, பஸ் ஸ்டாண்ட், எஸ்டேட் வேலை, கல்யாணக் கூட்டம் போன்ற காட்சிகளுக்கு ஒரு நாளைக்கு உள்ளூர் ஆட்கள் தேவை. காலை ஆறு மணிக்கு வரச் சொல்வார்கள், மாலை வெளிச்சம் போகும்வரை இருக்க வேண்டும், பேட்டாவுடன் நாள் சம்பளம். இது நேர்மையான வேலை, செய்தவர்கள் பெருமைப்படலாம். ஆனால் அந்த ஒரு நாளை ‘எங்கள் வாடிக்கையாளர் பெரிய நடிகர் படத்தில்’ என்று போடுவது சரியில்லை. செய்தியாளர் கேட்க வேண்டியவை நான்குதான்: பாத்திரத்தின் பெயர் என்ன, வசனம் உண்டா, எத்தனை நாள் கால்ஷீட், பணம் வந்துவிட்டதா?

பணம் வந்ததா என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. உதாரணக் கணக்கு ஒன்று. ஒரு விளம்பரத்துக்குச் சம்பளம் 1,00,000 ரூபாய். தொழில்முறைக் கட்டணம் என்பதால் தயாரிப்பு நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிக்கும்: 10,000. ஏஜென்சி கமிஷன் 20 சதவீதம்: 20,000. கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி: 3,600. வங்கிக்கு வருவது 66,400. இதில் டிடிஎஸ் தொலைந்து போன பணமில்லை. வருமான வரித் தளத்தில் நடிகரின் பான் எண்ணில் வரவாக நிற்கும், கணக்குத் தாக்கல் செய்தால் வரியில் கழியும் அல்லது திரும்ப வரும். பிடித்தோம் என்று சொல்லிவிட்டுப் பான் எண்ணில் அது தெரியவில்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டவில்லை, அல்லது சம்பளமே ஏஜென்சியின் பெயரில் போய் அதன் வரவாகப் பதிவாகியிருக்கிறது. இரண்டாவதுதான் அடிக்கடி நேர்வது. தயாரிப்பு நிறுவனம் கொடுத்தது எவ்வளவு என்பதே அப்போது நடிகருக்குத் தெரியாது. அதனால் தயாரிப்பு நிறுவனத்தின் பில்லில் நடிகரின் பெயரும் முழுத் தொகையும் இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

விளம்பரத்தில் சம்பளத்தைவிட முக்கியமானது, எடுத்த படத்தை எங்கே, எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பது. ‘டிஜிட்டல் மட்டும், தமிழ்நாடு, 6 மாதம்’ என்பது ஒரு விலை. ‘எல்லா ஊடகமும், எல்லா நாடும், எல்லாக் காலமும்’ என்பது வேறு விலை. முதல் விலைக்கு இரண்டாவதில் கையெழுத்து வாங்குவதுதான் புதியவர்களுக்கு நேரும் பெரிய நஷ்டம். ஒரு டீத்தூள் பாக்கெட்டில் முகம் வந்துவிட்டால், இன்னொரு டீ நிறுவனம் அந்த முகத்தைத் தொடாது. எனவே காலம் முடிந்தபின் புதுப்பித்தால் மறுபடி பணம் உண்டா, போட்டி நிறுவனங்களுக்குச் செய்யக் கூடாது என்ற தடை எத்தனை மாதம் என்பதைக் கேட்டு எழுத வேண்டும்.

ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தத்தில் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற சொல்லைக் கண்டால் நிறுத்திப் படியுங்கள். அவர்கள் வழியாக அல்லாமல் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று அதற்குப் பொருள். நன்றாக நடக்கும் ஏஜென்சியோடு ஓராண்டுக்கு அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆறு மாதத்தில் ஒரு ஆடிஷன்கூட வாங்கித் தராவிட்டால் விலகலாம் என்ற வரி மட்டும் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று இருந்தால், விலகினாலும் கமிஷன் தர வேண்டும் என்று இருந்தால், பதினைந்து நாள் கழித்துக் கையெழுத்திடுகிறோம் என்று சொல்லி ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் தொழிலே செய்யக் கூடாது என்ற தடை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. 18 வயது நிறையாதவர் போட்ட கையெழுத்தும் செல்லாது. பெற்றோர் போட வேண்டும், போட்ட பெற்றோரே பொறுப்பாளி ஆகிறார்.

பிள்ளைகள் என்று வரும்போது சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை சினிமா, சீரியல், விளம்பரம் எதில் நடித்தாலும், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-ல் திருத்தப்பட்ட விதிகள் பொருந்தும். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன் அனுமதி பெற வேண்டும். குழந்தைகளின் பட்டியல், பெற்றோர் சம்மதம், பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயர் ஆகியவற்றோடு உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். அது ஆறு மாதத்துக்குச் செல்லும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமய வங்கியில் நிரந்தர வைப்பாக நேரடியாகப் போக வேண்டும். மேலே சொன்ன விளம்பரம் ஒரு குழந்தையுடையது என்றால் அது 20,000 ரூபாய். இந்த வைப்பு ரசீதைக் கேட்கும் பெற்றோர் மிகக் குறைவு. கேட்டால் தயாரிப்பு நிறுவனம் தர மறுக்க முடியாது.

‘எங்கள் ஐந்து குழந்தைகள் உதகையில் நடந்த படப்பிடிப்பில்’ என்று ஏஜென்சி சொன்னால், ஆட்சியர் அனுமதி எண்ணைச் செய்தியாளர் கேட்கட்டும். உண்மையான யூனிட்டிடம் அது கோப்பில் இருக்கும். தாவரவியல் பூங்காவுக்குத் தோட்டக்கலைத் துறை, காட்டுக்கு வனத்துறை, மலை ரயிலுக்கு ரயில்வே என்று தனித்தனி அனுமதியும் வேண்டும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் இருக்கிறது. அதனால் இந்த மாவட்டத்தில் உண்மையாக நடந்த படப்பிடிப்புக்குக் காகிதத் தடயம் இல்லாமல் போவது கடினம்.

இனி, போர்ட்ஃபோலியோ. முகாமில் அதிகப் பணம் போவது இதில்தான். அதிகம் பயன்படாததும் இதுவே. காஸ்டிங்கில் கேட்பது பளபளப்பான ஆல்பம் இல்லை. கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்த, ஃபில்டர் இல்லாத நான்கு படங்கள்: முகம் நேராக, பக்கவாட்டில், இடுப்பளவு, முழு உருவம். செருப்பில்லாமல் அளந்த உயரம் செ.மீ.யில். தெரிந்த மொழிகள். இவை கைபேசியிலேயே எடுக்கக் கூடியவை. மொழிப் பட்டியலில் மலைப் பிள்ளைகள் தங்கள் சொத்தை மறைத்துவிடுகிறார்கள். படுக மொழியோ, கூடலூர்ப் பக்கத்து மலையாளமோ, வீட்டில் பேசும் கன்னடமோ இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும். அந்தப் பேச்சு வழக்கு தேவைப்படும் வேடம் வரும்போது சென்னையில் தேடினால் ஆள் கிடைக்காது.

செல்ஃப் டேப் எடுப்பதில் மலைக்கென்று சில சிக்கல்கள் உண்டு. சமவெளியில் சொல்லித்தரும் முறை இங்கே அப்படியே பலிக்காது. முதலாவது வெளிச்சம். மேகம் போக வர கைபேசிக் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். ஒரு நிமிட வீடியோவில் முகம் நான்கு முறை கறுத்து வெளுக்கும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட வேண்டும். மூடுபனி வெளிச்சம் நீலம் கலந்தது. அறையில் டியூப் லைட்டும் எரிந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் பச்சையாகவும் விழும். விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, பின்னால் வெறும் சுவர் இருக்கும்படி எடுத்தால் போதும். காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை நல்ல நேரம். பருவமும் பார்க்க வேண்டும்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும்போது கோத்தகிரியில் வெளிச்சம் இருக்கும், அக்டோபர், நவம்பரில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் மழை. உறவினர் வீடு மறுபக்கம் இருந்தால் அங்கே போய் எடுக்கலாம்.

குளிரில் வெளியே வைத்திருந்த கைபேசியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் படியும். படம் மங்கலாக வந்ததற்குக் கேமராவைக் குறை சொல்வார்கள். கால் மணி நேரம் அறையில் வைத்துவிட்டுத் துடைத்து எடுங்கள். தகரக் கூரையில் மழை பெய்யும்போது வசனம் பதிவாகாது. சட்டையில் குத்தும் சிறு மைக் இருந்தாலும் அந்த ஓசை நுழையும். மழை நிற்கும்வரை காத்திருப்பதே வழி. காலி அறையில் எதிரொலி வந்தால் கேமராவுக்குப் பின்னால் இரண்டு கம்பளியைத் தொங்கவிடுங்கள். குளிரில் தாடை இறுகி ‘ழ’வும் ‘ள’வும் குழறும், வெந்நீர் குடித்து, வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் ‘ம்’ என்று முனகிவிட்டுத் தொடங்கினால் சரியாகும். ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லாய் மூன்றையும் கழற்ற வேண்டும், கழுத்தும் தோளும் தெரிய வேண்டும். வெடித்த உதட்டுக்கு முதல் நாளிலிருந்தே ஏதாவது தடவுங்கள்.

கைபேசியைக் கண் உயரத்தில், நான்கைந்து அடி தள்ளி, படுக்கைவாட்டில் வையுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் புத்தக அடுக்கு போதும். முதலில் பெயர், வயது, உயரம், ஊர், மொழிகள், பிறகு இரு பக்கமும் திரும்பிக் காட்டுவது, கைகளைக் காட்டுவது, பிறகு காட்சி. எதிர் வசனம் படிப்பவர் கேமராவுக்கு ஒட்டி நிற்க வேண்டும், குரலை அடக்கிப் படிக்க வேண்டும். ஒரு நிமிட வீடியோ 60 முதல் 130 எம்பி வரை வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் நசுங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், அல்லது டிரைவில் ஏற்றி இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று திறந்துவிடுங்கள். அனுமதி பூட்டியிருந்தால் காஸ்டிங் ஆபீஸில் யாரும் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். மஞ்சூர், குந்தாப் பள்ளத்தாக்கு போன்ற சிக்னல் குறைந்த இடங்களில் விடியற்காலையில் ஏற்றுவது எளிது.

இவ்வளவும் வீட்டிலேயே முடியும் என்பதால் முதல் சுற்றுக்கே சென்னைக்கு வரச் சொல்லும் ஏஜென்சியிடம் காரணம் கேளுங்கள். மேட்டுப்பாளையம் இறங்கி, இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, மறுநாள் ஆடிஷன் முடித்து, அன்றிரவே திரும்பினாலும் இரண்டு பேருக்கு இரண்டு இரவுப் பயணம். லுக் டெஸ்ட் என்றால் போவது நியாயம். அதற்குத் தயாரிப்பு நிறுவனத்திடம் பயணச் செலவு கேட்பதும் நியாயம். பெண்பிள்ளையோ சிறுவனோ யாரானாலும் பெற்றோரில் ஒருவர் ஆடிஷன் அறைக்குள் இருக்க அனுமதி இல்லை என்றால் அந்த ஆடிஷனை விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘பழங்குடித் தோற்றம்’ என்று கேட்டு வரும் காஸ்டிங்குகளுக்காகத் தோடர் எம்பிராய்டரிச் சால்வையை வேறு சமூகப் பிள்ளைகளுக்குப் போர்த்திப் படமெடுத்து ஆல்பத்தில் சேர்க்கிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. அணியும் முறைக்கும் சடங்குக்கும் பொருள் உண்டு. மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளிலும், குறும்பர், இருளர், பணியர் குடியிருப்புகளிலும் எடுத்த படங்களை, எடுக்கப்பட்டவருக்கு எதற்கு என்று சொல்லாமல் ஏஜென்சி விளம்பரத்தில் போடுவது இன்னும் மோசம். அவர்களுக்கும் அதே ஒப்பந்தம், அதே பில், அதே பயன்பாட்டுக் காலம் வேண்டும். எம்.பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தில் உடை, சடங்கு பற்றி விவரம் கேட்டுக்கொண்டு படமெடுக்கும் யூனிட்டுக்குத் தவறு குறையும்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஏஜென்சி சென்னையில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே, அதாவது உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930. குழந்தை தொடர்பான எதற்கும் 1098.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. ஏஜென்சி பற்றிய செய்தி மேசைக்கு வரும்போது கூட்டணியின் இரு தரப்புப் பெயரும் தேதியும், தேர்வானவரின் பாத்திரமும் கால்ஷீட் நாட்களும், குழந்தை என்றால் ஆட்சியர் அனுமதியும், முகாமில் வாங்கும் கட்டணமும் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். தர மறுத்தால் ‘விளம்பரம்’ என்று மேலே போட்டு, கட்டணம் வாங்கி வெளியிடுங்கள். மலர்க் காட்சிக்கு இரண்டு வாரம் முன்பு சட்ட விதிகளையும் புகார் எண்களையும் மாவட்டப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால், முகாமுக்குப் போகும் பெற்றோர் அதைக் கத்தரித்துக் கையில் எடுத்துப் போவார்கள்.

இப்படிக்கு,
உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரப் படப்பிடிப்பு ஒருங்கிணைப்பு, நடிகர் தேர்வுப் பணிகளில் உள்ளோர்,
நீலகிரி மாவட்டம்.